மணலில் கை வைக்காத பிள்ளை

சிவமயம்
ஊஸ்டர்
16.03.2006

சரளாவுக்கு,

ஒரே கட்டிடத்தில், உங்கள் தலைக்கு மேல் மாடியில் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதித் தபால்பெட்டியில் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். நான் சொல்வது ஒன்று, அது போய்ச் சேருவது இன்னொன்று என்பதைச் செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கண்டுகொண்டேன். எழுத்தில் இருந்தால் ஒருவரும் மாற்ற இயலாது.

நான் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் தேவாரப் புத்தகமும், கடைச் சாமான் சுற்றி வந்த பேப்பரும்தான். டொச் எனக்கு ஓடாது, அதுதான் இங்குள்ளவர்களின் ஜெர்மன் மொழி. ஆனால் வீட்டுக் கணக்கைப் போலவே, யார் எதைச் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் என் மனதில் அப்படியே நிற்கும். நான் கேட்டது இதுதான்:

"கிண்டர்கார்ட்டனையும் முதலாம் வகுப்பையும் ஒண்டாச் சேர்க்கிறம் எண்டு சொல்லுறியள். கெட்டிக்காரப் பிள்ளை ரெண்டு வருசத்தில முடிச்சுக்கொண்டு போகலாம், ஏலாத பிள்ளை நாலு வருசம் இருக்கலாம் எண்டும் சொல்லுறியள். அந்த நாலு வருசக்காரர் ஆர்? எங்கட பிள்ளையளை ஒதுக்கி வைக்கத்தானே இந்தச் சேர்ப்பு?"

நீங்கள் எழுந்து நின்று அதை டொச்சில் சொன்னீர்கள். சொல்லி முடிந்ததும் பள்ளிக் குழுத் தலைவி சிரித்தார். முன்வரிசையில் இருந்த சுவிஸ் தாய்மாரும் என்னைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டி, அன்பாகச் சிரித்தார்கள்.

சரளா, நான் கேட்ட கேள்விக்கு ஒருவரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தில்லைநாயகி


ஊஸ்டர்
18.03.2006

தில்லைநாயகி அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் ராஜீவ் எட்டிப் பார்த்து, "என்ன, மேல் வீட்டம்மா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் நினைத்தது சரிதான். "வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் புது வகுப்பில் என்னென்ன உதவி கிடைக்கும் என்று கேட்கிறார்" என்றுதான் சொன்னேன். உங்கள் வார்த்தைகளை அப்படியே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தலைவி நம் எல்லோருக்கும் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தவர். அவரைப் பார்த்து "எங்கள் பிள்ளைகளை ஒதுக்கப் பார்க்கிறீர்களா" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் நாளைக்கு நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். சென்னையில் என் அக்கா பையன் எல்.கே.ஜி.யிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். இங்கே என் பையன் முகுந்துக்கு ஐந்து வயதாகப் போகிறது, கிண்டர்கார்ட்டனில் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க் குச்சி பொறுக்க வைக்கிறார்கள். மழை பெய்தாலும் குச்சிதான். புது வகுப்பில் முதல் வாரத்திலிருந்தே எழுத்து உண்டு என்கிறார்கள். அதற்காகத்தான் ஓட்டெடுப்பில் சேர்க்கலாம் என்று கையைத் தூக்கினேன்.

அவர்கள் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை சந்தேகம்? அன்று கேக் கூடக் கொடுத்தார்களே.

சரளா


சிவமயம்
ஊஸ்டர்
22.03.2006

சரளாவுக்கு,

கேக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு முந்தியும் கொடுத்திருக்கிறார்கள்.

மூத்தவன் நிருசன் முதலாம் வகுப்பில் இருந்தபோது எங்களைக் கூப்பிட்டார்கள். அன்று மொழிபெயர்க்க வந்தவர் குலேந்திரன் அண்ணை. மேசையில் ஆப்பிள் கேக் இருந்தது. அந்த ஆசிரியை நீளமாகக் கதைத்தார், குலேந்திரன் அண்ணை சுருக்கமாகச் சொன்னார்: "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. சின்ன வகுப்பில ஒரு வருசம் விடுவினமாம். பிள்ளையள் குறைவு, நல்ல கவனிப்பு. டொச் பிடிபட்டவுடன திரும்பி எடுப்பினம்." நானும் எனது அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நான்கு வருடமாகிறது. இன்னும் அந்தச் சின்ன வகுப்புத்தான், பின்தங்கிய பிள்ளைகளை ஒதுக்கி வைக்கும் வகுப்பு. திரும்பி எடுப்போம் என்று அந்த ஆசிரியை சொன்னாரா, அல்லது குலேந்திரன் அண்ணை என் முகத்தைப் பார்த்துச் சேர்த்துச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் உங்களைப் போல நல்ல மனுசர்தான்.

உங்கள் வீட்டுக்காரரின் வேலை ஒப்பந்தம் முடிய நீங்கள் சென்னைக்குப் போய்விடுவீர்கள். முகுந்துக்கு இது ஒரு விடுமுறை மாதிரி. என் மகள் சரணியா இந்த ஊரில்தான் வாழப்போகிறாள். இவளையும் அந்த வகுப்புக்கு விட நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி எனக்காக நீங்கள் கதைக்க வேண்டாம்.

தில்லைநாயகி


ஊஸ்டர்
30.08.2006

அக்காவுக்கு,

படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். ஐந்து மாதமாக நானும் சும்மா இருந்துவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சொன்ன காலையில் புது வகுப்புக்குப் போயிருந்தேன். நீங்கள் வரவில்லை. இரண்டு ஆசிரியைகள், ஒரே பெரிய அறை, ஒரு மூலையில் பொம்மைகள், இன்னொரு மூலையில் மேசைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தட்டில் மணல் பரப்பிக் கொடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை விரலால் எழுதச் சொல்கிறார்கள். முகுந்த் எழுதினான், அழித்தான், பக்கத்துப் பையன் தட்டிலும் எழுதினான். சரணியா மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஆசிரியை மெதுவாக அவள் கையைப் பிடித்தார். அவள் உருவிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தினமும் இப்படித்தானாம்.

போகும்போது ஆசிரியை என்னிடம், "வீட்டில் பேசுவாளா?" என்று கேட்டார். "நன்றாகப் பேசுவாள், பாட்டுக்கூடப் பாடுவாள்" என்றேன். நான் பேசியது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் நானே சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் என்னவென்று பாருங்கள் அக்கா.

சரளா


சிவமயம்
ஊஸ்டர்
11.09.2006

சரளாவுக்கு,

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனது அவர் தவச்செல்வன் தான் வேலை செய்யும் உணவகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் சமையற்காரரைக் கொண்டு வாசிப்பித்தார். சரணியாவை இம்மாதம் 28ஆம் திகதி உளவியலாளரிடம் கூட்டிக்கொண்டு வரட்டாம். எழுத மறுக்கிறாளாம், கையில் குறையா மனதில் குறையா என்று பார்க்க வேண்டுமாம். அதைப் பொறுத்துத்தான் அவள் எந்த வகுப்பில் இருப்பது என்று முடிவு செய்வார்களாம்.

பார்த்தீர்களா? சேர்த்து ஒரு மாதம் ஆகவில்லை, பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். முந்திய கிண்டர்கார்ட்டனில் இதே பிள்ளை பூ கீறினாள், பேப்பர் வெட்டினாள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அங்கே ஒருவரும் அவளுக்கு எழுத்துக் காட்டவில்லை, சோதிக்கவும் இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ஆசிரியை உங்களிடம் ஒரு கேள்விதான் கேட்டார் என்று எழுதினீர்கள். நீங்களும் ஒரு பதில்தான் சொன்னீர்களா? நிருசன் சின்ன வகுப்பில் இருப்பதை அவரிடம் சொன்னீர்களா? ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அப்படியென்றால் மற்றதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். நிருசன் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன். இந்தப் புது ஆசிரியைக்கு அவனைத் தெரியவே தெரியாது. அவன் கதையை நான் எழுதியது உங்களுக்கு மட்டும்தான்.

தில்லைநாயகி


ஊஸ்டர்
13.09.2006

அக்காவுக்கு,

என் மகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நிருசனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கோபத்தில் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

துணி துவைக்கிற அறையில் உங்கள் நாள் முடிந்து என் நாள் ஆரம்பிக்கிற நேரம். நீங்கள் வழக்கம்போல என்னைப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனீர்கள். சரணியா தரையில் விழுந்த கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு பின்தங்கினாள். நான் சும்மா கேட்டேன்.

"மணல்ல எழுதறது உனக்குப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்கும்."

"அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கறே?"

இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் ஏடு தொடக்கேல்லை அன்ரி. ஏடு தொடக்காம எழுத்தைத் தொட்டால் சரஸ்வதி கோவிப்பா. அண்ணான்ர கொப்பியில எழுதினதுக்கு அம்மா கையில அடிச்சவ."

"இதை டீச்சர்கிட்ட சொல்லலாமே?"

"சரஸ்வதிக்கு டொச்சில என்ன அன்ரி?"

எனக்கும் தெரியவில்லை அக்கா.

குழந்தைக்குக் கையிலும் குறையில்லை, மனதிலும் குறையில்லை. நீங்கள் சொன்னதை அவள் கேட்டாள், அவ்வளவுதான். இது எங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான், முகுந்துக்கு மூன்று வயதில் செய்துவிட்டோம். இதற்கு வழி சுலபம். விஜயதசமி வரைக்கும் காத்திருக்காமல், வருகிற வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து அரிசியில் 'அ' எழுத வைத்துவிடுங்கள். 28ஆம் தேதி உளவியலாளர் முன்னால் தானாக எழுதிவிடுவாள். சாமி கோபித்துக்கொள்ளாது.

சரளா


சிவமயம்
ஊஸ்டர்
15.09.2006

சரளாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சாமி அறைக்குப் போய் இருந்துவிட்டேன். அவர் வேலையால் வந்து, "அடுப்பில என்ன கருகுது?" என்று கேட்ட பிறகுதான் எழும்பினேன்.

ஓம், அடித்தேன். ஆடி மாதம் நிருசனின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இவளுக்கு மூன்று வயதில் தொடக்க இருந்தோம், நவராத்திரிக்குள் கொப்பளிப்பான் அம்மை போட்டுவிட்டது. போன வருடம் ஊரில் மாமி மோசம் போய்விட்டா, செத்தவீட்டுத் துடக்கோடு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு முறை தள்ளிப்போனதில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கல்வி இந்தப் பிள்ளைக்காவது சரியாக அமைய வேண்டும், ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் கை ஓங்கிவிட்டது. கிண்டர்கார்ட்டனில் எழுத்தே இல்லையே, அவசரம் என்ன என்றும் நினைத்தேன். சேர்த்த வகுப்பில் முதல் நாளே மணலும் எழுத்துமாக நிற்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கையைத் தூக்கியது அதற்குத்தான் என்று எழுதியிருந்தீர்கள், அப்போது எனக்கு ஓடவில்லை.

ஆனால் வியாழக்கிழமை செய்யச் சொல்கிறீர்களே, அது நடக்காது. விஜயதசமி அக்டோபர் 2. பரீட்சைக்குப் பிறகு நாலே நாள். பள்ளிக்கூடத்தின் நாளை அசைக்க ஏலாது, சரஸ்வதியின் நாளை அசைக்கலாமோ? நான் அம்மனோடு பேரம் பேசுகிறவள் இல்லை. அதோடு, அவர்களுக்குப் பயந்து நாளை மாற்றினேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால், பிறகு அவள் எதைத்தான் நம்புவாள்?

பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கப் போகிறேன். குலேந்திரன் அண்ணையைக் கூப்பிட எனக்கு மனமில்லை. உங்களைக் கூப்பிடவும் மனமில்லை, ஆனால் வேறு ஆள் இல்லை. வருவதென்றால் இப்படித்தான் வர வேண்டும்: நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் கேட்ட கேள்வியையும் திரும்பக் கேட்பேன், அதையும் அப்படியே சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். எனது அவரும் வந்து பக்கத்தில் இருப்பார். உணவகத்தில் பழகிய குசினி டொச் அவருக்குக் கொஞ்சம் தெரியும்.

பிள்ளை இதை உங்களிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. அதுவும் எனக்கு யோசனையாக இருக்கிறது.

தில்லைநாயகி


சிவமயம்
ஊஸ்டர்
20.09.2006

சரளாவுக்கு,

இன்று நீங்கள் ஒரு சொல்லும் விடாமல் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதை நீங்கள் சொல்லி முடித்தபோது அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. திகதியை மாற்ற வழியே இல்லை என்று அதிபர் சொன்னதும், நீங்கள் என்னைக் கேளாமலே ஏதோ சொல்ல, எனது அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாரே, அதையும் வீட்டுக்கு வந்து கேட்டு அறிந்தேன். "பனிச்சறுக்கு விடுமுறைக்காகச் சுவிஸ் வீட்டுப் பிள்ளைகளின் நாளை மாற்றிக் கொடுத்தீர்களே, சரஸ்வதி என்ன சறுக்கத் தெரியாதவளா?" என்று கேட்டீர்களாம். சாமியை வைத்துப் பகிடி விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பரீட்சையை இலையுதிர் விடுமுறைக்குப் பிறகு தள்ளிவைத்துவிட்டார்கள். அதற்கு நன்றி.

இப்போது மற்றது. நாங்கள் இருவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றபோது, ஆசிரியை கதவடியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் நீளமாகக் கதைத்தார். வழியில் நான் கேட்க, "ஒண்ணுமில்லக்கா, விழாவுக்கு வாழ்த்துச் சொன்னாங்க" என்றீர்கள்.

வாழ்த்துச் சொல்கிறவரின் முகம் அப்படிச் சிவக்காது. மிச்சத்தைச் சொல்லுங்கள்.

தில்லைநாயகி


ஊஸ்டர்
21.09.2006

அக்காவுக்கு,

உங்களிடம் தப்பிக்க முடியாது.

ஆசிரியை வாழ்த்துச் சொன்னது நிஜம். அதற்கு முன்னால் சொன்னது இது: "இந்த ஆண்டு நான்கு குழந்தைகளைச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா அப்படிக் கேட்ட பிறகுதான் நான்கு பேரையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்கு வீட்டிலும் ஜெர்மன் பேசுவதில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் கவனிக்கவும் இல்லை." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "இதை அவரிடம் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறார்" என்றும் கேட்டுக்கொண்டார்.

நானும் தலையாட்டிவிட்டு உங்களிடம் வாழ்த்து என்றேன். அறைக்குள் அத்தனையும் சொல்லிவிட்டு, வாசலில் மறுபடி மார்ச் மாதம் செய்ததையே செய்தேன். உங்களை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்ததாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், நீங்கள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கியவள் நான்.

இப்போதும் சேர்த்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. முகுந்த் சந்தோஷமாகப் போகிறான். ஆனால் அந்த மற்ற மூன்று குழந்தைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

சரளா


சிவமயம்
ஊஸ்டர்
06.10.2006

அன்புள்ள சரளாவுக்கு,

திங்கட்கிழமை விடியவே ஏடு தொடக்கினோம். நிருசன் தாம்பாளத்தில் அரிசி பரப்பினான். எனது அவர் சரணியாவை மடியில் வைத்து விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். அவர் கையை எடுத்த பிறகும் இவள் விடவில்லை. தாம்பாளம் முழுக்க எழுதி, அரிசி நிலத்தில் கொட்டுப்பட்டு, "காணும் பிள்ளை, ஐயருக்கும் மிச்சம் வை" என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று. பொங்கலும் வடையும் உங்கள் கதவில் கொழுவிவிட்டேன், கண்டிருப்பீர்கள்.

நேற்று ஆசிரியை தொலைபேசி எடுத்தார், எனது அவர்தான் கதைத்தார். பிள்ளை மணலில் மட்டுமல்ல, யன்னலில் படிந்த பனிப்புகாரிலும் எழுதுகிறாளாம். பரீட்சை வேண்டாம், சரணியா அதே வகுப்பில்தான் இருப்பாள் என்றாராம். எனது அவருக்கு டொச்சில் விளங்கியது அவ்வளவுதான். வாயால் சொன்னது எனக்குப் போதாது, கடிதமாகத் தரச் சொல்லுங்கோ என்று பக்கத்தில் நின்று சொன்னேன். இன்று கடிதம் வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன், வாசித்து அதில் வேறு ஏதும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர் சொன்னதைவிட ஒரு வரி கூடுதலாக இருப்பதுபோல் எனக்குப் படுகிறது.

சேர்ப்பை நான் இன்னும் நம்பவில்லை. பிள்ளை தப்பியது அவர்கள் மனம் மாறியதால் அல்ல, காரணம் தெரிந்ததால். தெரியாமல் போயிருந்தால்? அந்த மற்ற மூன்று பிள்ளைகளின் தாய்மார் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர்களுக்கும் ஏதாவது இருக்கும், டொச்சில் சொல்லத் தெரியாத ஏதாவது.

ஆசிரியை பிள்ளையிடம் ஏன் என்று கேட்கவில்லையே என்று இந்த நாலு நாளும் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழுத் தலைவி கேட்கவில்லை, அதிபர் கேட்கவில்லை என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு போனேன். நீங்கள் ஆவணியில் "அவளிடம் என்னவென்று பாருங்கள் அக்கா" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு நான் உங்களில் சந்தேகப்பட்டேன், பள்ளிக்கூடத்தில் சந்தேகப்பட்டேன், பின்னேரம் முழுக்க அதற்கே போய்விட்டது. பிள்ளை பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை.

இனிக் கடிதம் வேண்டாம் சரளா. கதவைத் தட்டுங்கள், தேத்தண்ணி போட்டுத் தருகிறேன். சண்டை பிடிப்பதென்றாலும் நேரில் பிடிப்போம்.

இப்போது ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வர, இவளிடம் கேட்கிறேன். என்ன செய்தாய், யார் பக்கத்தில் இருந்தாய், அழுதாயா, ஏன் அழவில்லை என்றெல்லாம். இன்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் என்ன பொலிஸோ?"

தில்லைநாயகி